செய்தியைத் தேடிப் போகும் வண்டி



சிலாங்கூரின் சுங்கை புரோங் வயல்களுக்குப் பெர்னாம் ஆற்றுத் தண்ணீர் சுங்கை தெங்கி வழியாக வந்து சேர்கிறது. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று அளந்து சொல்லச் சிறிய உணரிகள் வந்துவிட்டன. நட்டுவிட்டு வந்தால் அவை தாமாகவே அளக்கும். ஆனால் பேட்டரி தீர்ந்துவிட்டால், சேற்றையும் முள்ளையும் மிதித்துக்கொண்டு ஓர் ஆள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

பேட்டரியைத் தின்பது எது? அளக்கும் வேலைக்குக் கொஞ்சம்தான் செலவாகும். அளந்ததை வானலையில் அனுப்பும்போதுதான் பெரும் செலவு. திறந்த வெளியிலேயே தூரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு வேண்டும். மட்டைகள் அடர்ந்த செம்பனைக்குள் இன்னும் கூடும். ஓர் உணரி அடுத்ததற்குக் கைமாற்றி அலுவலகம் வரை அனுப்பலாமே என்றால், அலுவலகத்தை ஒட்டியுள்ள உணரிகள் தோட்டம் முழுவதன் சுமையையும் தாங்கி முதலில் ஓய்ந்துவிடுகின்றன. பிறகு மற்றவை நன்றாக இருந்தும் பயனில்லை.

வாங்கும் கருவியை வண்டியில் ஏற்றிவிட்டால் இந்தச் சுமை குறையும். 2003இல் ராகுல் ஷா, சுமித் ராய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள். அதே காலகட்டத்தில் கர்நாடகத்தின் தொட்டபல்லாபூர் பகுதியில், ஊர் ஊராகப் போகும் பேருந்தில் கருவியைப் பொருத்தி, கிராமத்துக் கணினிகளின் தகவலைச் சுமந்து சென்றார்கள். 2004இல் கென்யாவில் வரிக்குதிரைகளின் கழுத்துப்பட்டையில் சேர்ந்த தகவலை, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வண்டியில் நெருங்கிப் போய் வாங்கிக்கொண்டார்கள்.

நம் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் டிராக்டர் எப்படியும் வரப்போகிறது. அதில் ஒரு கருவி போதும். உணரி அளந்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டு உறங்கும். வண்டி வரும் நேரத்துக்கு மட்டும் விழிக்கும். சில மீட்டர் தொலைவிலிருந்து மெல்லிய அலையில், சில நொடிகளில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு மறுபடி உறங்கும். வண்டியை எதிர்பார்த்து நாள் முழுக்க விழித்திருந்தால் மிச்சப்படுத்திய ஆற்றல் அதிலேயே போய்விடும். அதனால் வண்டி நேரம் தவறாமல் வருவது முக்கியம்.

இதில் ஒரு விலை உண்டு: செய்தி தாமதமாகும். மண் ஈரம் நாளைக்குத் தெரிந்தால் போதும். வெள்ளமும் கரை உடைப்பும் காத்திருக்கா. அவற்றுக்கு உடனே அலறும் தனிக் கருவியே வேண்டும்.

ஆகவே, உணரி வாங்கத் திட்டமிடுவோரே, எந்தச் செய்தி காத்திருக்கும், எது காத்திருக்காது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு காலையில் தொழிலாளர்கள் கூடும் பிரட்டுக்களத்துக்குப் போய், எந்த வண்டி எந்தப் பாதையில் எப்போது போகிறது என்று அவர்களைக் கேளுங்கள். உணரியை எங்கே நட வேண்டும் என்பதற்கு அவர்களின் பதிலே நல்ல வரைபடம்.