ஊருக்கு ஒரு சபை

 

இன்று வடிகான், தெருவிளக்கு, குப்பை வண்டி ஆகியன பற்றிப் பேச விழைகின்றேன். இவை மார்க்க உரைக்குப் பொருந்துமா எனச் சிலர் ஐயுறக்கூடும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. இந்நாட்டுச் சட்டத்தின்படி அவ்விடையூறை அகற்றும் கடமை மாநகர சபைக்கோ நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியது. ஆகவே, ஓர் ஊர் தனக்கெனச் சபை ஒன்றைக் கேட்பதைப் பதவி ஆசை என்று தள்ளிவிடுதல் முறையன்று.

அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருதை நோக்குவோம். கிழக்கே கடல், மேற்கே வயல், வடக்கே கல்முனைக்குடி, தெற்கே மாளிகைக்காடு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வாரிக்கொண்ட கரையோரங்களுள் அதுவும் ஒன்று. முற்காலத்தில் அவ்வூர் கரைவாகு தெற்குக் கிராம சபையாகத் தனித்திருந்தது. கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு என ஏனைய மூன்றும் அவ்வாறே இருந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது இந்நான்கு பகுதிகளும் கல்முனை என்ற ஒரே சபைக்குள் அடங்கின. அதுவே பிற்பாடு மாநகர சபையாகத் தரமுயர்ந்தது.

சாய்ந்தமருது மக்களுக்குத் தனியான பிரதேச செயலகம் உண்டு. பதினேழு கிராம சேவகர் பிரிவுகள் உண்டு. பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கு ஊருக்குள் அலுவலகம் இருக்க, வடிகான் அடைத்தால் முறையிடுவதற்கு மட்டும் வெளியே செல்ல வேண்டுமா என்பது அவர்களது வினா. தங்கள் தோணாவில் குப்பையும் கழிவும் தேங்கும்போது அதன் நாற்றத்தை நுகராத ஒருவர் வரவுசெலவுத் திட்டத்தைத் தீர்மானிக்கிறார் என்பது அவர்களது மனக்குறை. அதில் நியாயம் இருக்கின்றது.

2017 இன் பிற்பகுதியில் அவ்வூர்க் கடைகள் மூடப்பட்டன. மக்கள் வீதியில் இறங்கினர். 2018 பெப்ரவரி 10 ஆம் திகதித் தேர்தலில் பள்ளிவாசலின் வழிகாட்டலில் களமிறங்கிய சுயேச்சைக் குழு தோடம்பழச் சின்னத்தில் போட்டியிட்டு மாநகர சபையில் ஒன்பது ஆசனங்களை வென்றது. கட்சிகளுக்கு அளித்து வந்த வாக்கை ஊர் ஒரே நாளில் திருப்பிக்கொண்டது. அந்த ஒற்றுமையை வியக்கின்றேன். ஆயினும் இவ்விடத்தில் ஒரு சொல் கூற வேண்டும். தேர்தலில் எதிர்க்கருத்துக் கொண்ட சகோதரர் ஒருவர் வெள்ளிக்கிழமை அதே ஸப்பில் நிற்க வரும்போது, மிம்பர் தனக்கு எதிரான மேடையோ என்று எண்ண நேருமாயின், அவ்வூர் சபை ஒன்றைப் பெற்றாலும் பள்ளிவாசலில் எதையோ இழந்துவிட்டது. ஷூராவின் பெயரால் ஒரு முடிவு எட்டப்படுமானால், மாற்றுக் கருத்துடையோரும் அங்கே அச்சமின்றிப் பேசியிருக்க வேண்டும்.

2020 பெப்ரவரி 14 ஆம் திகதி அதிவிசேட வர்த்தமானி வெளியாயிற்று. 2022 மார்ச் 20 ஆம் திகதி முதல் சாய்ந்தமருது நகர சபையாகும் என்றது அது. மகிழ்ச்சி ஒரு வாரமும் நீடிக்கவில்லை, அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. பின்னர் நீதிமன்ற வழக்குகள் தொடர்ந்தன. 2025 மே 6 ஆம் திகதி நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு இடம்பெறவில்லை. தனிச் சபை கேட்டவர்களும் எதிர்த்தவர்களும் ஒருசேர மக்கள் பிரதிநிதி இன்றி நின்றனர்.

நேயர்களே, இது ஏன் இவ்வளவு கடினமாயிற்று? கொழும்பின் அரசியல் என்று கூறிவிட்டு எழுந்து செல்வது எளிது. உண்மையோ அயலவரின் அச்சத்தில் கிடக்கின்றது. சாய்ந்தமருது மட்டும் பிரிந்தால் எஞ்சும் சபையில் தமது பங்கு குறையும் எனக் கல்முனை முஸ்லிம்கள் அஞ்சினர். பிரிப்பதாயின் பழையபடி நான்காகப் பிரியுங்கள் என்றனர். அவர்கள் நமது பகைவர் அல்லர். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். மறுபுறம் கல்முனைத் தமிழ் மக்கள் 1989 முதல் இயங்கும் வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு கேட்டு வருகின்றனர். அதற்காக 2019 ஜூனில் உண்ணாவிரதமும் இருந்தனர். அப்போது நம்மில் பலர் என்ன கூறினோம்? பிரிவினை என்றோம். அதே கோரிக்கை நமது ஊரிலிருந்து எழும்போது உரிமை என்கின்றோம். ஒரே பொருளுக்கு இரண்டு படிக்கற்கள் வைத்திருக்கும் வணிகனை மார்க்கம் எவ்வாறு நோக்குகின்றது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸூரத்துல் மாயிதாவின் எட்டாம் வசனத்தை வீடு சென்று பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள்.

தமிழ் மக்களின் கோரிக்கையை அப்படியே ஏற்க வேண்டும் என்பது என் கருத்தன்று. எல்லைக் கோடு எங்கே செல்வது, சந்தையும் வயற்காணியும் எப்பக்கம் சேர்வது என்பன வரைபடத்தை விரித்து, இரு சாராரும் அருகருகே அமர்ந்து பேச வேண்டியவை. பேசுவதற்கே மறுப்பதுதான் அநீதி.

வருமானம் பற்றியும் அதிகம் பேசப்படவில்லை. சோலைவரியும் கடை வாடகையும் பெருமளவு திரள்வது கல்முனை நகரில். தனிச் சபை உருவாகுமானால் சாய்ந்தமருது தன் சொந்த வரியைக் கொண்டு துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் கொடுத்து, வாகனத்திற்கு எரிபொருள் நிரப்ப வேண்டும். வரி கட்டுவதற்கு இன்று முகம் சுளிப்பவர் நாளை நமது சபை என்பதற்காக மலர்ந்து கட்டுவாரா? போராட்டக் குழுவினர் வீடு வீடாகச் சென்று இக்கேள்வியையும் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சபை என்பது அமானிதம். அதைக் கேட்பவர் கணக்கையும் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த முறை இவ்வூரின் தூதுக்குழு அமைச்சரைக் காணக் கொழும்பு செல்லும்போது கல்முனைக்குடியிலிருந்து ஒருவரையும் பாண்டிருப்பிலிருந்து ஒருவரையும் அதே வாகனத்தில் அழைத்துச் செல்லட்டும். வழி நெடுகப் பேச நேரம் இருக்கின்றது.