ஆஸ்பத்திரிப் பிரயாணமும் கர்ம பலனும்



இன்று நாம் பேசப் போவது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நமது மகனைத் தூக்கிக்கொண்டு மாதம் இரண்டு தடவை ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோமே, அந்தப் பிரயாணத்தைப் பற்றித்தான்.

பையனுக்கு வயது ஆறு. மூளை முடக்குவாதம் உள்ளவன். நடக்க மாட்டான், கழுத்தும் சரியாக நிற்காது, அவ்வப்போது வலிப்பு வரும். ஆனால் நாம் பேசுவதெல்லாம் அவனுக்கு விளங்கும். சிரிப்பான், கோபித்துக் கொள்வான்.

விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, கஞ்சி, மருந்து, மாற்றுத்துணி, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே கிடைப்பது அரை மணி நேரப் பயிற்சி. அதற்கு ஒரு நாள் கூலி போகிறது. இந்தப் பாரத்தில் பெரும்பகுதி தாயின் முதுகில்தான் ஏறுகிறது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக் கொள்கிறோம்.

நிற்க, போன மழைக்காலத்தில் பஸ்ஸிலேயே பையனுக்கு வலிப்பு வந்து விட்டது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் திருநீறு பூசினார். மற்றொருவர், "போன ஜென்மத்துப் பாவம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆனால் இடம் கொடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கீரை விற்கும் ஒரு பாட்டிதான் கூடையை நகர்த்திவிட்டு, "இப்படிப் படுக்க வையம்மா, காலையிலே மருந்து குடுத்தியா?" என்று கேட்டாள். அந்தப் பஸ்ஸில் இருந்த ஒரே பகுத்தறிவுவாதி அவள்தான்.

வலிப்பு என்பது மூளையில் ஓடும் மின்சாரம் தாறுமாறாவதால் உண்டாவது. பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே நின்றுவிடும். அப்படி நிற்கிற நேரத்தில் கையில் இரும்பு இருந்தால், பெயர் இரும்புக்குப் போய்ச் சேருகிறது! செய்ய வேண்டியது யாதெனில், குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதே. 5 நிமிஷத்திற்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வலிப்பு மருந்தை டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

இனி அந்தப் பாவக் கணக்கைப் பார்ப்போம். போலியோவால் கால் சூம்பிய குழந்தைகளையும் இப்படித்தான் பாவம் செய்தவர்கள் என்றார்கள். சொட்டு மருந்து வீடுவீடாகப் போயிற்று. 2011 ஜனவரி 13க்குப் பிறகு இந்நாட்டில் இயற்கையான போலியோ கிருமி ஒரு குழந்தையையும் தாக்கவில்லை. 2014 மார்ச் 27இல் அந்நோய் ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்தது. அப்படியானால் 2011க்குப் பிறகு பாவிகளே பிறக்கவில்லையா? சித்திரகுப்தன் கணக்கு இரண்டு சொட்டு மருந்தில் கரைந்து போயிற்றா? நமது பையனைப் போன்றவர்களின் நிலைக்கும், குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைவது, கடுமையான மஞ்சள் காமாலை என்று வைத்தியம் காரணம் சொல்கிறது.

நாமும் யோக்கியர்களல்ல. ஒரு சமயம் உறவினர் பேச்சைக் கேட்டுப் பரிகாரம் செய்யப் போய், ஆறு மாதம் ஆஸ்பத்திரிப் போக்கையே நிறுத்திவிட்டோம். திரும்பிப் போனபோது கணுக்கால் இறுகிப் போயிருந்தது. தெய்வம் எடுத்துக்கொண்டது பணத்தை மட்டுமல்ல, பையனுடைய ஆறு மாதத்தையும்தான்.

இந்தக் கர்மக் கதையால் லாபம் யாருக்கு? பாவம் என்று சொல்லிவிட்டால் பஸ் படியைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் சாய்தளம் போட வேண்டியதில்லை. யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1995ஆம் வருஷத்துச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அதன் 25ஆவது பிரிவு, ஆஸ்பத்திரிகளில் தடையின்றிப் போய்வர வழியும், பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமையும் தரச் சொல்கிறது. இது தெரியாமல் நாம் இரண்டு வருஷம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றோம். தெரிந்த பின் கேட்டபோது, "எல்லாரும்தான் நிக்கிறாங்க" என்றார் சீட்டுக் கொடுப்பவர். பிரிவைச் சொன்ன பிறகே கதவு திறந்தது. பஸ் விஷயத்திலும், சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மாற்றுத் திறனாளிக்கும் துணை வருபவருக்கும் இலவசம் என்று 2021இல் உத்தரவாயிற்று. நல்லதுதான். ஆனால் நாம் போகும் பஸ்ஸில் கட்டணம் இறங்கியதே தவிர, படி இறங்கவில்லை.

ஆகவே தோழர்களே! இப்படிப்பட்ட குழந்தையை வீட்டில் ஒளிக்காதீர்கள். சிறு வயதிலேயே பயிற்சி தொடங்குவதே பலன் தரும். சான்றிதழ் வாங்குங்கள். தகப்பன்மார்களே, அடுத்த தடவை நீங்கள் தூக்கிச் செல்லுங்கள். பஸ்ஸில் ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறவளைக் கண்டால் முன்ஜென்மத்தைப் பற்றி விசாரிக்காமல், எழுந்து இடம் கொடுங்கள். இரக்கம் வேண்டாம், இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்கிறோம்.