பொய்முடி அணிதலும் பேணலும்

டோப்பா என்ற சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு அரும்பும். விடிய விடிய நடந்த கூத்தில் பெண்வேடம் பூண்ட ஆடவனின் தலையணி சபை நடுவே கழன்று வீழ்ந்த கதை ஊர்தோறும் ஒன்றுண்டு. அக்கதையைச் சொல்லிச் சிரித்தவர் வீட்டிலேயே ஒரு பெண் இன்று பொய்முடியைக் கையில் ஏந்திக் கண்ணாடி முன் அமர்ந்திருத்தல் கூடும். அவள் மேடையேறப் போகின்றவள் அல்லள். நோயினாற் கூந்தலை இழந்து, நாளைக் காலையில் வீதியில் இறங்க வேண்டியவள்.

புற்றுநோய்க்கு ஏற்றப்படும் மருந்துகளுட் பல, உடலில் விரைந்து பெருகும் கலங்களைத் தாக்குவன. நோய்க்கலங்கள் அத்தகையன, மயிர்வேரில் உள்ள கலங்களும் அத்தகையனவே. ஆதலினாற் பகையை நோக்கி எய்த அம்பு உறவின்மீதும் பாய்கின்றது. முதன்முறை மருந்து ஏற்றிய இரண்டு மூன்று வாரங்களில் தலையணை மீது மயிர் கற்றை கற்றையாய்க் கிடக்கக் காணலாம். எல்லா மருந்துக்கும் இவ்விளைவு இல்லை. தமக்குரிய மருந்து எத்தகையது என்பதை வைத்தியரிடமோ தாதியரிடமோ முன்னரே கேட்டறிதல் நன்று. புழுவெட்டு என்று ஊரார் வழங்கும் நோயிலும் மயிர் திட்டுத் திட்டாய் உதிர்வதுண்டு. பெயர்தான் புழுவெட்டே தவிர, அங்கே புழு எதுவும் இல்லை. உடலின் தற்காப்பு ஆற்றலே மயிர்வேரைப் பகையென மயங்கித் தாக்குகின்றது.

மயிர் போனால் மீண்டும் முளைக்கும் என்று ஆறுதல் கூறுவோர் பெரும்பாலும் ஆடவர். தமிழ்ப் பெண்ணுக்கு அது அத்துணை எளிதன்று. கணவனை இழந்தவளின் தலையை மழித்த வழக்கம் முன்னாளிற் சில சமூகங்களில் இருந்தது. வழக்கம் மறைந்தது, அதன் நிழல் இன்னும் மறையவில்லை. கணவன் உயிரோடிருக்கையில் இக்கோலத்தை ஊரார் கண்ணிற் காட்டுவதோ என்று அஞ்சிப் பின்வாசலால் நடமாடும் பெண்கள் உளர். கூந்தல் கொட்டுமே என்று சிகிச்சைக்கே பின்னிற்போரும் உளர். பொய்முடியைப் பற்றிப் பேசுவதை ஆடம்பரப் பேச்சென ஒதுக்குவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. நேர்த்திக்காகத் தலையை மழித்துவரும் பெண்ணைக் கண்டு எவரும் முகஞ்சுளிப்பதில்லை. திருப்பதியிலும் பழனியிலும் அடியார் இறக்கும் முடி பின்னர் விற்கப்பட்டுப் பொய்முடிக்கு மூலப்பொருளாகின்றது. அவ்வாறு விலைபோகும் இந்திய மயிரிற் பெரும்பங்கு சீனத்துக்குச் செல்கின்றது. அங்கே சூசாங் என்னும் நகரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. ஆகவே ஒருத்தி வேண்டுதலுக்காக இறக்கிய கூந்தல், கடல் கடந்து சென்று இன்னொருத்தியின் தலையில் ஏறுகின்றது. பொய்முடிப் பழக்கமும் பழையதே. எகிப்தியர் தலையை மழித்துவிட்டு மனித மயிராலான முடியைத் தேன்மெழுகிட்டு அணிந்தனர். பிரான்சு மன்னர் 13ஆம் லூயி இளமையிலேயே வழுக்கையுற்றுப் பொய்முடி சூட, அரசவையும் அவரைப் பின்பற்றிற்று.

வடமராட்சியில் ஓர் ஆசிரியை. வயது நாற்பத்தைந்து இருக்கும். தெல்லிப்பழையில் மருந்து ஏற்றத் தொடங்கியவர், முதலிற் செய்த தவறு பலரும் செய்வதே. தம் கூந்தல் இடைவரை நீண்டிருந்தமையால் அதே நீளத்தில் ஒரு பொய்முடியைத் தருவித்தார். தலை பாரம் தாங்கவில்லை. சட்டையின் கழுத்தில் உரசி உரசி, இரண்டு வாரத்திற் பிடரிப்பக்கம் சிக்குண்டு தேங்காய்த் தும்பாயிற்று. நிறமும் மையைப் போன்ற கருமை. வெளிறிய முகத்துக்கு அது பொருந்தவில்லை. மருந்துக் காலத்தில் முகத்தின் நிறம் மாறுவதனால், இயல்பான நிறத்தினும் சிறிது மென்மையான கருமையே ஏற்றது. நாற்பதைக் கடந்தோர்க்குச் சில நரையிழைகள் கலந்திருப்பின் இன்னும் நன்று. இரண்டாவதாக அவர் வாங்கியது தோளளவினது, அதுவே நிலைத்தது.

கூந்தல் உதிருமுன்பே ஒரு சிறு கற்றையை வெட்டிக் கடதாசியிற் சுற்றி வைப்பதும், முன்னும் பக்கமும் ஒவ்வொரு புகைப்படம் எடுத்துக்கொள்வதும் நிறத்தையும் அமைப்பையும் தேர்ந்தெடுக்க உதவும். நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து காதின் பின்புறமாகப் பிடரியைச் சுற்றி நாடாவினால் அளக்க வேண்டும். வளர்ந்த பெண்கள் பலருக்கு இது 55 முதல் 57 சென்ரிமீற்றர் வரை வரும். மயிர் முழுதும் உதிர்ந்தபின் இவ்வளவு சிறிது குறையும். உள்ளே உள்ள பட்டிகளை இறுக்கி அதனைச் சரிசெய்துகொள்ளலாம்.

மனித மயிராலானது விலை மிக்கது, நீண்டநாள் உழைக்கும், ஆயின் ஒவ்வொரு முறை கழுவியபின்னும் சொந்தக் கூந்தலைப் போல வாரி ஒழுங்குசெய்தல் வேண்டும். செயற்கை இழையாலானது கழுவி உலர்ந்ததும் தன் பழைய அமைப்புக்குத் தானே திரும்பும். நாள்தோறும் அணிந்தால் நான்கு முதல் ஆறு மாதம் வரை தாங்கும். சிகிச்சைக் காலத்துக்கு அது போதும். விலை மிக்கதை வாங்கக் கடன்படுவது அறிவுடைமை ஆகாது.

அணியும் முறை கடினமன்று. பருத்தியாலான மெல்லிய உட்குல்லாயை முதலில் இட்டுக்கொண்டு, தலையைச் சற்றே குனிந்து, பொய்முடியை முன்னிருந்து பின்னாக இழுத்துப் பொருத்த வேண்டும். காதுகளுக்கு முன்னால் வரும் இரு சிறு மடிப்புகளும் ஒரே மட்டத்தில் அமைந்தால் முடி கோணாது. புதியவர்கள் கழன்றுவிடும் என்ற அச்சத்தால் அதனை நெற்றியில் மிகக் கீழே இழுத்துவிடுவர்; காண்போர் கண்ணிற்கு முதலிற் படுவது அதுவே. புருவத்துக்கு மேல் நான்கு விரற்கடை இடம் விடுதல் வேண்டும். சோழகக் காற்றுக்கு அஞ்சுவோர், வெல்வெற்றினாற் செய்த பட்டி ஒன்றைத் தலையைச் சுற்றிக் கட்டி அதன்மேல் அணிந்தால் வழுக்காது. மோட்டார்ச் சைக்கிளிற் செல்வோர் தலைக்கவசத்தின் கீழே மெல்லிய துணி ஒன்றை இடுதல் நன்று. முதல் நாள் வீட்டுக்குள்ளே ஒரு மணிநேரம், மறுநாள் இரண்டு மணிநேரம் என்று பழகிய பின்னரே வெளியே செல்லலாம்.

செயற்கை இழைக்குப் பெரும்பகை வெப்பம். குசினியிற் கொதிக்கும் பானையின் மூடியைத் திறக்கையில் எழும் ஆவியே முன்னிழைகளைச் சுருட்டிவிடும். வடை பொரிக்கும் தாச்சி, கற்பூரத் தட்டு, சாம்பிராணிச் சட்டி என்பனவும் அவ்வாறே. முழுகியபின் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டிய கை, பழக்கத்தினால் இதற்கும் காட்டப் போகும், கூடாது. சமையல் நேரத்தில் அதனைக் கழற்றிவிட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம். எண்ணெயும் ஆகாது. வறண்ட தலைத்தோலுக்கு இரவில் வைத்தியர் சொல்வதைப் பூசிக் காலையிற் கழுவிவிட்டே அணிய வேண்டும். வகிட்டில் இடும் குங்குமம் அடித்துணியிற் கறையாகப் படிந்துவிடும்; நெற்றியில் இட்டால் அத்தொல்லை இல்லை. மல்லிகை ஒரு முழம் சூடலாம். கனத்த சரம் முடியைப் பின்னே இழுக்கும்.

இவ்வெப்ப நாட்டில் நாள்தோறும் அணிவோர் வாரம் ஒருமுறையேனும் கழுவுதல் வேண்டும். கழுவுமுன் பல்லகன்ற சீப்பினால் நுனியிலிருந்து தொடங்கி மேனோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். ஒரு சட்டியிற் குளிர்ந்த நீரில் மென்மையான ஷாம்புவைச் சிறிது கலந்து, அதில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைத்து, கசக்காமல் மெல்ல அலைத்து, நல்ல நீரில் அலசி எடுக்கலாம். சவர்க்காரக் கட்டி வேண்டா. பிழிதல் பெருங்குற்றம், துவாயில் வைத்து ஒற்றி எடுப்பதே முறை. பின் காற்றோட்டமுள்ள நிழலில், கவிழ்த்த பாத்திரம் ஒன்றன்மீது உலரவிட வேண்டும். ஈரமாயிருக்கையிற் சீப்பு அதனைத் தொடவே கூடாது. ஈரத்தைப் போக்க வெயிலிற் போட்டவர் பலர் மறுநாள் வருந்தியிருக்கின்றனர்.

இவையெல்லாம் கைப்பழக்கம், ஒரு மாதத்தில் வந்துவிடும். வராதது துணிவு. ஆசிரியை வீட்டில் எந்நேரமும் பொய்முடியோடிருந்தார். இரவில் விளக்கணைத்த பின்னரே கழற்றினார். அவருடைய இளைய மகள் ஒருநாள் தற்செயலாக வெறுந்தலையைக் கண்டு அலறிவிட்டாள். பின்னர் தாயின் தலையைத் தடவிப் பார்த்தாள்; பொய்முடியைத் தன் தலையிலும் வைத்துப் பார்த்தாள். அன்று முதல் அதனைக் கழுவி உலர்த்துவது அவள் பொறுப்பாயிற்று. சிறுவர்களிடம் மறைப்பதினும் முன்னரே காட்டிவிடுவது மேல்.

பாடசாலைக்குத் திரும்பிய முதல் நாள், ஏழாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டுவிட்டான்:

"ரீச்சர், இது உங்கட தலைமயிரோ?"

வகுப்பே மூச்சடங்கி நின்றது. ஆசிரியை சிறிதும் தயங்கவில்லை.

"என்ரதுதான். காசு குடுத்து வாங்கினது."

பிள்ளைகள் சிரித்தனர், அவரும் சிரித்தார். அதன்பின் பாடம் நடந்தது. பெரியவர்களிடம் அவருக்கு அத்துணை எளிதாக விடிவு கிட்டவில்லை. கோயில் வீதியிற் கண்டவர்கள் நோயைக் கேளாமல் நெற்றியையே பார்த்துப் பேசினர்.

மருந்து நிறைவுற்று ஒன்று முதல் மூன்று மாதங்களிற் பலருக்குப் புதுமயிர் அரும்பத் தொடங்கும். அது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். முன்பு நேராயிருந்தது சுருளாகவும், கரிதாயிருந்தது நரையாகவும் வருவதுண்டு. ஆசிரியைக்குச் சுருளாகவே வந்தது. இரண்டு விரற்கடை வளர்ந்ததும் பொய்முடியைக் கடைசி முறையாகக் கழுவி உலர்த்தி வலைப்பையில் இட்டார். மறுமுறை பரிசோதனைக்குச் சென்றபோது, அன்றுதான் மருந்து ஏற்றத் தொடங்கிய கரவெட்டிப் பெண்ணொருத்தியிடம் அதனைக் கொடுத்தார். பையினுள்ளே அளவெடுக்கும் நாடாவும், எண்ணெய் பூசக்கூடாது என்று மகளின் கையெழுத்தில் எழுதிய துண்டொன்றும் இருந்தன.