கேமராவுக்கு முதுகுப்பக்கம் கிடையாது

பினாங்குத் தீவுல இருந்து பேசுறேன். வீடு ஜார்ஜ் டவுன்ல. வேலை, விர்ச்சுவல் டூர் போட்டோகிராபி. மாதச் சம்பளம் கிடையாது, தனியாத்தான் செய்றேன். "அப்போ ட்ரோன் விடுவியா?"ன்னு சொந்தக்காரங்க இன்னும் கேட்கிறாங்க. ட்ரோன் இல்லீங்க. போன்ல ஒரு வீட்டைத் திறந்து, விரலால தள்ளித் தள்ளி ஹால்ல இருந்து சமையலறைக்குப் போறீங்க, கூரையையும் தரையையும் பார்க்கிறீங்க இல்லையா? அந்த வீட்டுக்குள்ள முதல்ல போய் நின்ன ஆள் நான்.

நான் முன்னாடி கல்யாணப் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன். 2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மண்டபம் எல்லாம் மூடினாங்க. அதே நேரம், கோலாலம்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்கிற வீட்டுக்காரங்க, வாங்கறவங்க யாராலும் தீவுக்கு வர முடியல. பாலம் இருக்கு, தாண்ட அனுமதி இல்ல. வர முடியாதவங்களுக்காக வீட்டைப் படம் எடுக்கிற வேலை அப்படித்தான் என் கைக்கு வந்தது. ஆணை போயிடுச்சு, வேலை நின்னுடுச்சு.

இந்த வேலையைப் புரிஞ்சுக்க ஒரு விஷயம் போதும். 360 டிகிரி கேமராவுக்கு முதுகுப்பக்கம் கிடையாது. சாதாரண போட்டோன்னா, அழுக்குத் துணி மூட்டையை கேமராவுக்குப் பின்னால தள்ளி வச்சிடலாம். இங்க பின்னாலன்னு ஒரு இடமே இல்ல. ஒரே கிளிக்ல எடுக்கிற சின்ன கேமராவா இருந்தா, நானே கதவுக்குப் பின்னாலயோ மாடிப்படிக்குக் கீழயோ ஒளிஞ்சுக்கிட்டு போன்ல பட்டனை அமுக்கணும்.

நல்ல தரம் வேணும்னா டிஎஸ்எல்ஆர். ஃபிஷ்ஐ லென்ஸ் போட்டு, சுத்தி நாலு படம், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஒவ்வொண்ணும் இருட்டா, நடுத்தரமா, வெளிச்சமான்னு மூணு தடவை. ஒரு இடத்துக்கு 18 படம் ஆச்சு. ஒரு வீட்டுல 20 இடம்னா 360 படம். அதையெல்லாம் கணினியில ஒட்டி, உலக உருண்டையை வரைபடமா விரிக்கிற மாதிரி நீளமான படமா ஆக்கணும். அகலம் ரெண்டு பங்கு, உயரம் ஒரு பங்கு.

ஒட்டுறப்போ கதவு நிலை உடைஞ்சு தெரியக்கூடாது. இப்பவே ஒண்ணு செய்து பாருங்க. கட்டை விரலை முகத்துக்கு நேரா நீட்டி, ஒரு கண்ணை மூடுங்க, அப்புறம் மற்றதை. விரல் குதிக்குது இல்லையா? கேமராவைத் திருப்பும்போதும் பக்கத்துல இருக்கிற பொருள் அப்படித்தான் குதிக்கும். குதிக்காத ஒரே ஒரு புள்ளி லென்ஸுக்குள்ள இருக்கு. அந்தப் புள்ளியில வச்சுத்தான் கேமராவைச் சுத்தணும்.

அப்புறம் வெயில். நம்ம கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல முன்னால ஓடுது. பினாங்குல உச்சி வெயில் 12 மணிக்கு இல்ல, ஏறக்குறைய 1:20-க்கு. பழைய கடைவீடுகள் குறுகலா, நீளமா இருக்கும். நடுவுல வானம் பார்த்த முற்றம். 1:20-க்கு முற்றம் வெள்ளையா எரியும், பக்கத்து அறை கருப்பா கிடக்கும். ஆனா கடைக்காரங்க எனக்குக் குடுக்கிற நேரம் எது? "பகல் சாப்பாட்டுக்குக் கடையை மூடுவோம், ஒண்ணுல இருந்து ரெண்டுக்குள்ள முடிச்சிடுங்க." அதைக் காலை ஒன்பதுக்கு மாத்தப் பேசறதே பாதி வேலை.

"மூணு மணி நேரம்தானே எடுத்தீங்க, எதுக்கு 1,200 வெள்ளி?" இந்தக் கேள்வி வராத மாதம் இல்ல. அதனால விலையை மூணு வரியா பிரிச்சு எழுதறேன். இடத்தைத் தயார் பண்ணி எடுக்கிறது ஒண்ணு, ஒட்டித் திருத்துறது ஒண்ணு, இணையத்துல வச்சிருக்கிறது ஒண்ணு. மூணாவது வரியை விடாதீங்க. டூர் நிக்கிற தளத்துக்கு நான் சந்தா கட்டணும். நான் நிறுத்தினா, என் கணக்குல இருக்கிற எல்லார் வீடும் ஒரே நாள்ல காணாமப் போயிடும். அதனால முதல் வருஷம் என் பொறுப்பு, ரெண்டாம் வருஷத்துல இருந்து வாடிக்கையாளர் கட்டணும், இல்லன்னா கோப்புகளை வாங்கிக்கணும்னு முதல் நாளே எழுத்துல வாங்கிக்கிறேன். பாதிப் பணம் முன்பணம்.

சம்பளக்காரங்களுக்கு முதலாளி தன் பங்கா 12, 13 விழுக்காடு ஊழியர் சேமநிதியில போடுவார். எனக்கு முதலாளி நான்தான். காசு வந்ததும் அதுக்கு ஒரு பங்கை முதல்லயே எடுத்து வச்சிடறேன். மீதிதான் சம்பளம்.

இனி இந்த வேலையோட கஷ்டமான பக்கத்துக்கு வர்றேன். வீட்டை விக்கிறவங்க, வாடகைக்கு விடறவங்க எல்லாரும் சொல்ற ஒரே வாக்கியம்: "படத்துல ஆள் இருக்கக்கூடாது." சாதாரண படத்துல ஆளை ஓரமா நிக்கச் சொல்லலாம். 360-ல ஓரம் இல்ல. வீட்டை விட்டே வெளிய போகச் சொல்லணும்.

ஜார்ஜ் டவுன்ல இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948-க்கு முன்னால கட்டின கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏத்த முடியாதபடி ஒரு சட்டம் இருந்தது. 1966-ல வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997-ல அதை ரத்து செய்ய முடிவாகி, 2000 ஜனவரி 1-ல இருந்து கட்டுப்பாடு இல்லாமப் போச்சு. தலைமுறையா வாடகைக்கு இருந்தவங்க நிறைய பேர் நகரத்தை விட்டுக் கிளம்பினாங்க. 2008 ஜூலையில ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. அதுக்கப்புறம் கடைவீடுகள் ஒவ்வொண்ணா தங்கும் விடுதி, காபிக் கடைன்னு மாறிச்சு. அதுல பல வேலை எனக்கும் வந்தது. அந்தக் காசுலதான் கேமரா வாங்கினேன்.

ஒரு தடவை ஒரு வீட்டு முகவர் கூப்பிட்டார். ரெண்டு மாடிக் கடைவீடு. கீழ ஒரு பெரியவர் தையல் கடை வச்சிருக்கார், மேல குடியிருக்கார். "சனிக்கிழமை அவரை வெளிய அனுப்பிடறேன், மிஷினையும் நகர்த்திடலாம், காலியா எடுங்க"ன்னார். நான் எப்பவும் ஒரு நாள் முன்னாடி இடத்தைப் பார்க்கப் போவேன். ஐந்தடிப் பாதையில உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருந்தார்.

"அங்கிள், நாளைக்குப் படம் எடுக்க வர்றேன்."

"தெரியும் தம்பி. கூரை ஒழுகுது, ரிப்பேருக்குப் படம் எடுக்கிறாங்களாம்."

வீடு விக்கப் போகுதுன்னு அவருக்கு யாரும் சொல்லல. அதை நான் சொல்றது முறையில்ல, சொல்லவேண்டியது வீட்டுக்காரர். முகவருக்குப் போன் போட்டேன். "குடியிருக்கிறவருக்கு எதுக்குப் படம்னு தெரிஞ்சாத்தான் எடுப்பேன். முன்பணத்தைத் திருப்பி அனுப்பறேன்." அவர் கத்தினார், "நீ படம் எடுக்கிறவனா, வக்கீலா?"ன்னு.

ரெண்டு வாரம் கழிச்சு பெரியவரே கூப்பிட்டார். வீட்டுக்காரர் நேர்ல வந்து சொல்லிட்டாராம். ஆறு மாதம் அவகாசமும் குடுத்திருக்கார். "வந்து எடு தம்பி. ஆனா மிஷின் இருக்கிற இடத்துலதான் இருக்கும்." வீட்டுக்காரரும் சரின்னுட்டார். மிஷின், சுவர்ல ஒட்டின நாள்காட்டி, நூல் டப்பா எல்லாத்தோடயும் எடுத்தேன். அவருக்குத் தனியா ஒரு பிரதி குடுத்தேன். ஆறு மாதத்துல வீடு கைமாறிச்சு, அவர் கடல் தாண்டி மகள் வீட்டுக்குப் போயிட்டார். நான் எதையும் தடுக்கல. தடுக்கிற சக்தியும் எனக்கு இல்ல. ஆனா அவர் தன் வீட்டை விட்டு, எதுக்குன்னு தெரியாம ஒரு நாள் வெளிய நிக்கல.

அந்த முகவர்கிட்ட இருந்து அப்புறம் வேலை வரல. இது தீவு, பேச்சு சீக்கிரம் பரவும். "அவன் கேள்வி கேட்பான்"னு ரெண்டு மூணு பேர் ஒதுங்கினாங்க. அந்த வருஷம் கை கொஞ்சம் கடிச்சது. அதே பேச்சைக் கேட்டு, "வீட்டுல அம்மா இருக்காங்க, அவங்களைத் தொந்தரவு பண்ணாம எடுக்கணும்"னு கூப்பிட்டவங்களும் இருக்காங்க. இப்போ என் விலைப்பட்டியலுக்குக் கீழ ஒரு வரி நிரந்தரமா இருக்கு: இடத்தில் குடியிருப்பவர்களுக்கு, படம் எதற்கு என்று முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவங்களுக்கு ஒரு யோசனை. முதல்ல பெரிய கேமரா வாங்காதீங்க. ஒரு சின்ன 360 கேமராவை வாடகைக்கு எடுத்து, உங்க சொந்த வீட்டை எடுத்துப் பாருங்க. எதையெல்லாம் நகர்த்தினீங்க, யாரையெல்லாம் வெளிய போகச் சொன்னீங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க. வேலை எவ்வளவு பெரிசுன்னு அந்தத் தாள் சொல்லும், என்ன விலை கேட்கணும்னும் சொல்லும்.

டூர் மட்டும் பார்க்கிறவங்க, அடுத்த தடவை வாடகை வீடு தேடி போன்ல சுத்திப் பார்க்கும்போது, ஒரு தடவை கீழயும் பாருங்க. தரையில வட்டமா ஒரு லோகோ இருக்கும். டிரைபாட் நின்ன இடம் அது. அப்படியே சுவரையும் பாருங்க. ஆணி அடிச்ச தடம், நாள்காட்டி மாட்டின சதுரம் ஏதாவது தெரியுதா? தெரிஞ்சா, வீடு பார்க்கப் போறப்போ ஒரு கேள்வி கூட சேர்த்துக் கேளுங்க: "முன்னாடி இங்க யார் இருந்தாங்க?"