பிள்ளையின் பல்லும் எங்கள் சொல்லும்

(ஸ்ஃபெர்ராகவால்லோவில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பல்லைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சங்கத்தில் சிலர் சிரித்தார்கள். நல்ல நாளில் கதைக்க வேறு விசயம் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். நான் வைத்தியன் இல்லை. உயர்தரத்தோடு படிப்பை விட்டுவிட்டு, இங்கு வந்து தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஆனால் என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இன்னும் நாலு வீட்டுக்கு உதவும் என்று நினைக்கிறேன். சொல்லலாமா என்று மகளிடமும் கேட்டேன். "பேர் சொல்லாட்டில் சொல்லுங்கோ" என்றாள்.

இந்த ஊர்த் திருவிழா உங்களுக்குத் தெரியும். செப்டெம்பர் கடைசி ஞாயிறில் புனித கொஸ்மா, புனித தமியானோ சொரூபங்களை வெறுங்காலோடு தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த இரட்டைச் சகோதரர்கள் வைத்தியர்கள். ஒருவரிடமும் காசு வாங்காமல் நோய் தீர்த்தவர்கள் என்று சொல்லுவார்கள். போன வருசத் திருவிழாவில் கடற்கரையில் பிள்ளைகளை நிரையாக நிற்பாட்டிப் படம் எடுத்தோம். மற்றப் பிள்ளைகள் வாய் நிறையச் சிரிக்கினம். என் மகள் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். வீட்டுக்கு வந்து பழைய படங்களைப் பார்த்தோம். எட்டு வயதுக்குப் பிறகு எடுத்த ஒரு படத்திலும் அவளுடைய பல் தெரியவில்லை.

அவளுக்கு மேல்முன்பல் இரண்டும் வெளியே தள்ளியிருந்தன. வீட்டில் நான் அவளை "முயல்" என்றுதான் கூப்பிடுவேன். செல்லமாகத்தான். அவளும் சிரிப்பாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. பொத்திக்கொண்டு சிரிக்கிறாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் இத்தாலியன் வேலைத்தலத்துக்குப் போதும், வைத்தியருக்குப் போதாது. வழமைபோல மகளே மொழிபெயர்த்தாள். அந்த மனுசன் பத்து நிமிடம் கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினார். மகள் ஒரு வரியில் சொன்னாள்: "ஒண்டும் தேவையில்லையாம் அப்பா, வளர வளரச் சரியாயிடுமாம்." நானும் சந்தோசமாக வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழிய, பிள்ளைகளைப் பார்க்கிற பெதியாத்ரா அம்மா "அப்பரேக்கியோ எப்ப போடப் போறியள்?" என்று என்னைக் கேட்டா. அதுக்குப் பிறகுதான் உண்மை வந்தது. வைத்தியர் கம்பி போடவேணும் என்றும், என் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கிட்டின தொகையையும் சொல்லியிருக்கிறார். மகள் அதை எனக்குச் சொல்லவில்லை. "ஏனம்மா மறைச்சனி?" என்றேன். "காசு கனக்க அப்பா. நீங்கள் இரவு வேலையும் எடுப்பியள்" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்கள் முயல் எண்டு சொல்லாட்டில் எனக்குக் காணும்" என்றாள்.

சபையோரே, அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ பகிடி பண்ணியிருப்பினம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் பட்டம் வைத்தவன் தகப்பன்.

அதன்பின் கேட்டும் வாசித்தும் அறிந்த சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

பிள்ளைக்குப் பாற்பல் 20. ஆறு வயதளவில், ஒரு பாற்பல்லும் விழாமலே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கும். பல தாய்மார் அதையும் பாற்பல் என்று நினைத்துச் சூத்தை பிடிக்க விட்டுவிடுகினம். ஊரில் விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் நல்ல பல் கேட்டோம். இங்கே பிள்ளைகள் தலையணைக்குக் கீழே வைத்தால் எலி வந்து காசு வைக்குமாம். அணிலோ எலியோ, தானாக விழும் பல்லுக்குத்தான் இது. சூத்தையால் பாற்பல்லை நேரகாலத்தோடு பிடுங்கினால், பக்கத்துப் பல் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். பிறகு வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் கோணலாக வரும். ஆகவே "பாற்பல்லுத்தானே" என்று விடாதேங்கோ. இரவில் போத்தல் பாலோடு நித்திரையாக்காதேங்கோ.

கோணல் பரம்பரையாலும் வரும். தாடை சிறிது, பல் பெரிது என்றால் நெருக்குப்படும். நாலைந்து வயதுக்குப் பிறகும் விரல் சூப்பினால் முன்பல் தள்ளும். எப்போதும் வாயால் மூச்சு விடுகிற பிள்ளையை மூக்கு, தொண்டை வைத்தியரிடமும் காட்டவேண்டும். தள்ளின முன்பல் விழுந்து அடிபட்டால் உடையிற வாய்ப்பும் கூட. ஏழு வயதளவில் ஒருமுறை காட்டுங்கள் என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு வைத்தியர் சங்கம் சொல்கிறது. காட்டினவுடனே கம்பி என்று அர்த்தமில்லை. பல பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாலே போதும்.

அடுத்தது காசு. "ஜேர்மனியில மச்சாளின்ர பிள்ளைக்கு இனாமாப் போட்டவையாம்" என்று தொலைபேசியில் கேட்டிருப்பியள். அது பாதி உண்மை. அங்கே 18 வயதுக்கு முன் தொடங்கினால், நிலைமையை ஐந்து படியாகப் பிரித்து, 3ம் படியிலிருந்துதான் காப்புறுதி பொறுக்கும். அதிலும் 20 வீதத்தைப் பெற்றோர் முதலில் கட்டி, சிகிச்சை முடிந்த பிறகுதான் திரும்ப எடுக்கலாம். இத்தாலியில், 2017 இல் வந்த பொதுச் சுகாதாரப் பட்டியலின்படி, 14 வயது வரை பல் பரிசோதனைக்கு வழி உண்டு. ஆனால் கம்பி போடுகிற சிகிச்சை மிகவும் கடுமையான நிலையில் உள்ள, குடும்ப நிலையும் நலிந்த பிள்ளைகளுக்கு மட்டும். அதனால் முதலில் பெதியாத்ராவிடம் கேளுங்கோ, இசே பத்திரத்தை எடுத்து வையுங்கோ. தனியாரிடம் போனால் இரண்டு மூன்று இடத்தில் விலை எழுதி வாங்குங்கோ, தவணை கேளுங்கோ. கார்ட்டாலோ வங்கியாலோ கட்டிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கோ. வருமான வரி கட்டுகிறவர்கள், அந்த வருச வைத்தியச் செலவில் 129.11 யூரோவுக்கு மேற்பட்டதில் 19 வீதத்தை 730 படிவத்தில் கழிக்கலாம். தனியார் வைத்தியருக்குக் கையில் காசாகக் கொடுத்தால் அது கிடையாது.

காசு சேராத வீட்டாருக்கும் ஒரு செய்தி உண்டு. பிரித்தானியாவில் கார்டிஃப் நகரில் 1981 இல் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்து, 20 வருடம் கழித்து அவர்களில் ஒரு பகுதியினரைத் திரும்பவும் பார்த்தார்கள். கம்பி போட்டவர்களின் பல் நேராக இருந்தது, அதில் அவர்களுக்குத் திருப்தியும் இருந்தது. ஆனால் சின்னனில் கம்பி போடாததால் வளர்ந்தபின் மனம் உடைந்தவர்களாக இருக்கவில்லை. பல்லுக் கோணலாலே ஒரு பிள்ளையின் வாழ்க்கை கெட்டுவிடாது. ஆனால் பகிடி சுடும். அதை நிற்பாட்டக் காசு தேவையில்லை.

பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு என்று கிழவருக்குச் சொன்னார்கள். எங்கள் சொல்லாலே பிள்ளையின் சிரிப்பும் போகும், கதையும் போகும். தெத்துப்பல், முயல், எலி என்று கூப்பிடாதேங்கோ. பெறாமகன், மருமகள் என்ற உரிமையிலும் கூப்பிடாதேங்கோ. "பொம்பிளைப் பிள்ளை, பல்லைக் காட்டாதை" என்றும் சொல்லாதேங்கோ. வாய் பொத்திச் சிரிக்கிற பிள்ளை, வகுப்பில் கை உயர்த்தாத பிள்ளை, படத்துக்கு நிற்க மறுக்கிற பிள்ளை இருந்தால், பக்கத்தில் இருந்து ஆறுதலாக ஒருமுறை கேளுங்கோ.

இன்னொன்று. பிள்ளையின்ர வருத்தத்தைப் பிள்ளையைக் கொண்டே மொழிபெயர்க்க விடாதேங்கோ. எங்கட பிள்ளையள் வாடகைக் கடிதத்தையும் வாசிக்குதுகள், எங்கட முகத்தையும் வாசிக்குதுகள். எங்களுக்காக மறைக்கப் பழகிவிடுவினம். வளர்ந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எங்கள் சங்கத்தில் இத்தாலியன் நன்றாகத் தெரிந்த இளைஞர்கள் இருக்கினம். கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

என் மகளுக்குக் கம்பி போட்டு ஐந்து மாதம். தவணை இன்னும் ஒன்றரை வருசம் இருக்கிறது. புனித கொஸ்மாவும் தமியானோவும் காசு வாங்கவில்லை. எங்கள் வைத்தியர் வாங்குகிறார். பரவாயில்லை. முதற்கிழமை கஞ்சி மட்டும்தான் குடித்தாள். பல்லு இன்னும் நேராகவில்லை. வாயைப் பொத்துகிற பழக்கமும் முழுதாகப் போகவில்லை. நான் இப்போது அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

இந்தக் கூட்டம் முடியப் பிள்ளைகளை நிற்பாட்டிப் படம் எடுக்கப்போகிறோம். "வாயை மூடு" என்றோ "பல்லைக் காட்டு" என்றோ ஒருவரும் சொல்லவேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவரவர் விருப்பப்படி நிற்கட்டும்.