கலந்தாலும் மாறாத இரண்டு



இரண்டு சமன்பாடுகளைக் கையில் கொடுத்தால், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மளமளவென்று தீர்த்துவிடுவார்கள். நீக்கல் முறை, பிரதியிடும் முறை எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே கணக்கை நாலு வரி வாக்கியமாகக் கொடுத்தால் பேனா நின்றுவிடுகிறது. கலவைக் கணக்கு என்றால் கேட்கவே வேண்டாம். அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். தீர்க்கத் தெரிகிறது, சமன்பாட்டை எழுதத்தான் தெரியவில்லை. இன்று அந்த எழுதும் வேலையைப் பார்ப்போம். பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆவின் பால் பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சு நிறத்தில் வருவது நிறைகொழுப்புப் பால். கொழுப்பு 6 சதவீதம். நீல நிறத்தில் வருவது சமன்படுத்திய பால்; கொழுப்பு 3 சதவீதம். ஓர் இனிப்புக் கடைக்காரருக்கு 5 சதவீதக் கொழுப்புள்ள பால் 60 கிலோ வேண்டும். இந்த இரண்டு பாலையும் எவ்வளவு எவ்வளவு கலக்க வேண்டும்? சதவீதம் எடையை வைத்துச் சொல்லப்படுவதால், லிட்டரை விட்டுவிட்டுக் கிலோவிலேயே போடுவோம்.

முதலில், எக்ஸ் என்றால் என்ன என்று ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘எக்ஸ் என்பது ஆரஞ்சுப் பால்’ என்று எழுதினால் போதாது. ஆரஞ்சுப் பாலின் எடையா, அதிலுள்ள கொழுப்பா, அதன் விலையா? ‘எக்ஸ் என்பது ஆரஞ்சுப் பாலின் எடை, கிலோவில். ஒய் என்பது நீலப் பாலின் எடை, கிலோவில்.’ இந்த இரண்டு வரியை எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது, இந்த உரையின் மையமான செய்தி. இரண்டு பாலையும் ஒரே அண்டாவில் ஊற்றும்போது எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது? சதவீதம் மாறிவிடுகிறது. ஆனால் மொத்த எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. மொத்தக் கொழுப்பும் அப்படியே இருக்கிறது. மாறாமல் நிற்பவை இரண்டு; ஒவ்வொன்றும் நமக்கு ஒரு சமன்பாட்டைத் தருகிறது.

எடையைச் சொல்வது முதல் சமன்பாடு: எக்ஸ் கூட்டல் ஒய் சமம் 60.

கொழுப்பைச் சொல்வது இரண்டாவது. இங்கேதான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். 6 சதவீதத்தையும் 3 சதவீதத்தையும் கூட்டி 9 என்று எழுதிவிடுகிறார்கள். சதவீதத்தோடு சதவீதத்தைக் கூட்ட முடியாது. கொழுப்போடு கொழுப்பைத்தான் கூட்ட முடியும். எக்ஸ் கிலோ ஆரஞ்சுப் பாலில் உள்ள கொழுப்பு 0.06 எக்ஸ். ஒய் கிலோ நீலப் பாலில் 0.03 ஒய். 60 கிலோவில் 5 சதவீதம் என்றால் 3 கிலோ கொழுப்பு. ஆகவே, 0.06 எக்ஸ் கூட்டல் 0.03 ஒய் சமம் 3. எல்லாவற்றையும் 100 ஆல் பெருக்கி 3 ஆல் வகுத்தால், 2 எக்ஸ் கூட்டல் ஒய் சமம் 100. இதிலிருந்து முதல் சமன்பாட்டைக் கழித்தால் எக்ஸ் 40, ஒய் 20.

சரிபார்ப்போம். 40 கிலோ ஆரஞ்சுப் பாலில் கொழுப்பு 2.4 கிலோ. 20 கிலோ நீலப் பாலில் 0.6 கிலோ. இரண்டும் சேர்ந்து 3 கிலோ. கணக்கு நேராகிவிட்டது.

பால்பண்ணைத் தொழில்நுட்பம் படித்தவர்கள் இதற்குப் பியர்சன் சதுரம் என்ற குறுக்குவழியை வைத்திருக்கிறார்கள். வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதையே ‘அலிகேஷன்’ என்பார்கள். நமக்கு வேண்டியது 5. ஆரஞ்சுப் பால் அதைவிட 1 அதிகம், நீலப் பால் 2 குறைவு. ஆகவே ஆரஞ்சுப் பால் இரண்டு பங்கு, நீலப் பால் ஒரு பங்கு. ஒன்றின் உபரி மற்றதன் குறைவை ஈடுகட்டுகிறது. நம் இரண்டு சமன்பாடுகளைச் சுருக்கினால் கிடைப்பதும் இதுதான். சமன்பாட்டை எழுதத் தெரிந்தவருக்குக் குறுக்குவழி மறந்துபோனாலும் நஷ்டமில்லை.

நகைப் பட்டறையிலும் இதே கணக்குத்தான். தூய தங்கத்தை 24 பங்காக வைத்துக் காரட் கணக்கிடுகிறோம். 22 காரட்டில் 48 கிராம் வேண்டும். தங்கம் எக்ஸ் கிராம், செம்பு ஒய் கிராம். எக்ஸ் கூட்டல் ஒய் சமம் 48. செம்பில் துளியும் தங்கம் இல்லாததால், தங்கத்தைச் சொல்லும் சமன்பாட்டில் ஒய் வராது. 48 கிராமில் 24க்கு 22 பங்கு தங்கம்; எக்ஸ் 44, ஒய் 4. பொன்னை உருக்கிக் கலக்கும் கணக்குகள் 1150ஆம் ஆண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலிலேயே தனிப் பகுதியாக இருக்கின்றன. தொழிலுக்குத் தேவைப்பட்டதால் பிறந்த கணக்கு இது.

இனி ஒரு விபரீத ஆசை. அதே இரண்டு பாலையும் கலந்து 7 சதவீதக் கொழுப்புள்ள பால் 60 கிலோ கேட்டால்? சமன்பாட்டை எழுதுங்கள்: 2 எக்ஸ் கூட்டல் ஒய் சமம் 140. எக்ஸ் 80 என்று வரும். ஒய் மைனஸ் 20 என்று வரும். மைனஸ் 20 கிலோ பாலை யாரால் ஊற்ற முடியும்? 3க்கும் 6க்கும் வெளியே உள்ள எதையும் இந்த இரண்டு பாலைக் கலந்து பெற முடியாது என்று சமன்பாடே சொல்லிவிடுகிறது. விடையில் மைனஸ் வந்தால் உடனே அடித்துவிடாதீர்கள். அது சொல்லவரும் செய்தியைக் கேளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கணக்குப் போட உட்காரும்போது, ‘விடை என்ன?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ‘உன் எக்ஸ் எதைக் குறிக்கிறது? கலந்த பிறகும் மாறாமல் இருப்பது எது?’ என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, எந்தக் கலவைக் கணக்கையும் தானே எழுதிவிடும்.