முட்டையின் பருமனும் புழுவின் பிழைப்பும்



கந்தப்பளை போன்ற மலைநாட்டுத் தோட்டங்களிலே கொழுந்து கொய்பவர்கள், முற்றிய தேயிலையின் மேற்பரப்பில், மீன் செதில்களை அடுக்கி ஒட்டினாற்போன்ற மெல்லிய படலம் ஒன்றைச் சில வேளைகளிற் கண்டிருப்பார்கள். அஃது இலைச்சுருட்டி அந்துப்பூச்சியின் முட்டைத் தொகுதி. ஒரே தொகுதியில் 100க்கு மேற்பட்ட முட்டைகள் இருப்பதும் உண்டு. இவ்வளவு சிறிய முட்டைகளை இவ்வளவு ஏராளமாக இடுவானேன்? சிலவற்றையே பெரியனவாக இட்டால் ஆகாதா?

தாய்ப்பூச்சியின் உடலிலுள்ள சத்து ஓர் அளவுக்கு உட்பட்டது. உலையிலே வெந்த சோறு ஒன்றே. பந்தியில் ஆள் கூடினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். முட்டைக் கணக்கும் அவ்வாறே. 1974ஆம் ஆண்டில் ஸ்மித், ஃபிரெட்வெல் என்னும் அறிஞர் இருவர் இதனைக் கணித முறையில் விளக்கினர். ஒவ்வொரு முட்டைக்கும் மேலும் மேலும் சத்தைக் கூட்டினால், ஓர் எல்லைக்கு மேல் பயன் குறைந்துகொண்டே செல்லும். ஆகவே, பிழைக்கும் பிள்ளைகளின் மொத்தத் தொகை மிகும் அளவே தாய்க்கு உகந்த அளவாகும்.

அந்த அளவு எங்கும் ஒன்றன்று. நம் வீட்டுப் பயற்றிலே வெண்புள்ளிகளாக முட்டையை ஒட்டும் வண்டுக்கு, அமெரிக்கப் பாலைநிலத்தில் உறவினம் ஒன்று உண்டு. வேலமர இனமொன்றின் விதையை அதன் புழு எளிதிலே துளைத்துவிடும். அங்கே தாய் சிறு முட்டைகளைப் பலவாக இடுகிறது. பச்சைப்பட்டை மரமொன்றின் விதையுறையைத் துளைப்பதோ அரிது. சிறு முட்டையிற் பிறந்த புழுக்களிற் பெரும்பாலன உறையைக் கடக்குமுன்பே மடிகின்றன. அவ்விதை கிடைத்தால், அதே தாய் முட்டைகளைக் குறைத்துப் பெரியனவாக இடுகிறது. 1997இல் வெளியான ஆய்வொன்று இதனைக் காட்டிற்று.

குளிரும் முட்டையின் அளவை மாற்றவல்லது. ஆபிரிக்க வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் குளிர்ந்த சூழலில் வளர்த்தபோது, அது சில பெரிய முட்டைகளையே இட்டது. வெப்பமான சூழலிலோ பல சிறிய முட்டைகளை இட்டது.

இனி நமது தேயிலைக்குத் திரும்புவோம். இலைச்சுருட்டியின் இளம்புழுக்கள் இளந்தளிரைத் தேடிச் செல்லவேண்டும். நூலிழையிலே தொங்கிக் காற்றோடு செல்வனவும் உண்டு. இத்தகைய பயணத்தில் நல்வாய்ப்பே பெரும்பங்கு கொள்வதால், பருமனைவிடத் தொகையே தாய்க்கு உதவும் எனக் கருதலாம். பூச்சித்தொகை பெருகாமலும் குறையாமலும் நிற்கவேண்டுமாயின், ஒரு சோடியின் மக்களுள் சராசரி இரண்டே இனம்பெருக்க எஞ்சவேண்டும். ஏனையவை அழிவது இயல்பு.

அவ்வாறு அழிப்பனவற்றுள் ஒன்று, 1935ஆம் ஆண்டையொட்டி ஜாவாவிலிருந்து இலங்கைக்குக் கொணரப்பட்ட மக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவி. அது இளம்புழுவினுள்ளே முட்டையிடும். அக்குளவியின் குஞ்சு புழுவையே உண்டு வளரும். 1960ஐ அண்டிய ஆண்டுகளில், தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் மருந்து தெளிக்கப்பட்டது. அம்மருந்து குளவியையும் கொன்றது. விளைவாக, இலைச்சுருட்டி பல இடங்களிற் பெருகிற்று.

ஏராளமாக முட்டையிடும் பூச்சிக்கு, தன் பகைவன் மறைவதே பெரும்பேறு. ஆதலின், மருந்து தெளிக்குமுன் எதைக் கொல்லப்போகிறோம் என்பதோடு, எதனைக் காப்பாற்றவேண்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்பது தோட்டத்தைப் பேணுவோர் அனைவருக்கும் கடனாகும்.